தூக்கத்துக்குச் சாட்சி

முனியன் ராத்திரி முழுக்கப் படுத்துத் தூங்கினான் என்று அவன் பெண்டாட்டி குப்பம்மாள் கிடங்கு வாசலில் நின்று சொன்னபோது, அவன் கட்டியிருந்த வேட்டி முழங்கால் வரைக்கும் ஈரமாக இருந்தது. கணக்கர் திருவேங்கடம் அந்த ஈரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "நல்லாத் தூங்குனானா?" என்று கேட்டார்.

"குறட்டை தாங்கலீங்க" என்றாள் குப்பம்மாள்.

வரிசையில் பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கணக்கரும் சிரித்துக்கொண்டே எழுத்தாணியை எடுத்து, ஓலையில் முனியன் பேருக்கு நேரே ஒரு கோடு கீறினார். முனியன் போய் மாட்டைப் பூட்டினான். கூழில் உப்புப் போடுகிற மாதிரி, கை தன்னால் செய்கிற காரியமாகியிருந்தது அந்தப் பொய்.

பழவேற்காட்டில் ஒல்லாந்துக்காரன் கோட்டை கட்டிக் கொடி ஏற்றியிருந்த காலம் அது. ஏரிக்கரையில் வெடிமருந்து அரைக்கிற ஆலை ஒன்று ஓடியது. அரைத்த மருந்தைப் பீப்பாயில் அடைத்து, மாட்டு வண்டியில் ஏற்றி, ஏரிக்கரை மேட்டோடு கிடங்குக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வண்டி வேலையை ஒரு குத்தகைக்காரர் எடுத்திருந்தார். மருந்துக்கு அவசரம் இருக்கிறதோ இல்லையோ அவருக்கு எப்போதும் அவசரம். வண்டிக்காரன் கூழ் குடிக்க உட்கார்ந்தால் மாடு இளைத்துப்போகும் என்பார்.

ஒரு தடவை தூங்கி விழுந்த வண்டிக்காரன் ஒருவனின் பீப்பாய் சரிந்து உடைந்து, மருந்து தெருவில் கொட்டிவிட்டது. பக்கத்து வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. காற்று மறுபக்கம் அடித்ததால் தெரு பிழைத்தது. அதற்கப்புறம்தான் சட்டம் வந்தது. விடிந்த பிறகுதான் மாடு பூட்டணும். பொழுது சாய்வதற்குள் அவிழ்க்கணும். முந்தின ராத்திரி தூங்காதவன் வண்டியில் ஏறவே கூடாது. ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் ஓர் ஆள் சிவப்புத் துணியை வீசிக்கொண்டு, அடுப்பை அணை, சுருட்டை அணை என்று கத்திக்கொண்டு நடக்கணும். கோட்டைக்காரன் போட்ட சட்டங்களில் ஏழை உடம்புக்கு உதவுகிற சட்டம் அது ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் எல்லோரும் கூடி ஏய்த்தார்கள்.

திருப்பாலைவனத்துக்கு அப்பாலிருந்து ஆலைக்குக் கரி ஏற்றிவருகிற வண்டிக்காரன் இடுப்பில் ஓர் ஓலை நறுக்கு வைத்திருப்பான். எந்தச் சாவடியில் படுத்தான், எப்போது மாட்டை அவிழ்த்தான் என்று சாவடிக்காரன் அதில் கீறித் தரணும். உள்ளூர் வண்டிக்காரனுக்கு அந்தத் தொல்லை இல்லை. காலையில் எடுத்த இடத்திலேயே சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவனுக்கு எதற்கு ஓலை? ஆனால் வீட்டில் அவன் தூங்கினானா என்று யார் சொல்வது? பெண்டாட்டி சொல்லட்டும் என்றார்கள். அதனால் தினமும் விடிந்ததும் வண்டிக்காரர்களின் பெண்டாட்டிமார் கிடங்கு வாசலில் வந்து நின்று சாட்சி சொன்னார்கள். ஊரில் வேறு எந்த வழக்குக்கும் பெண்பிள்ளை சாட்சி எடுபடாது. இதற்கு மட்டும் எடுபட்டது. அதில் குப்பம்மாளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஏரிக்காரர்களுக்கு இன்னொரு சட்டம் இருந்தது. அது கோட்டைக்கு முந்தியது. ஏரியில் மீன் ஓடுகிற கால்வாய்களை இன்னின்ன ராத்திரி இன்னின்ன வீட்டுக்கு என்று பிரித்துவிட்டிருந்தார்கள். அதற்குப் பாடு என்று பேர். பாடு வந்த ராத்திரி ஆள் வராவிட்டால் அந்தத் தடவை போனது போனதுதான். அடுத்த முறை சுற்றி வருவதற்குள் வீடு காய்ந்துவிடும். முனியன் மாதிரி ஆட்கள் வண்டிக்கு வந்ததே முகத்துவாரம் மண்ணடித்து ஏரியில் மீன் குறைந்ததால்தான். குறைந்த மீனை விட்டுவிடவும் முடியவில்லை. பகலில் வண்டி, பாடு வந்தால் ராத்திரி ஏரி. கால்வாய்க்குக் குறுக்கே வலையைக் கட்டிவிட்டு, அதன் கயிற்றைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு படகில் சாய்ந்துகொள்வார்கள். வலையில் கனம் ஏறினால் கயிறு இழுக்கும். உடனே காலை உதறி இழுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அதையும் தூக்கம் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். குப்பம்மாளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். படுத்தான், தூங்கினான். எங்கே என்று கணக்கர் கேட்கவில்லையே.

குறட்டை தாங்கலீங்க என்று அவள் சொன்ன அன்றைக்கு, விடியுமுன், தை மாதத்து வாடைக் காற்றில் உதடு நீலம் பாய்ந்து ஏரியிலிருந்து வந்தான் முனியன். கூடையில் மடவை மீன் நிறைய இருந்தது. குப்பம்மாள் அதில் கைநிறைய அள்ளி முறத்தில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுச் சூசையம்மாளிடம் கொடுத்தாள். சூசையம்மாளின் புருஷன் சந்தியாகுதான் முனியன் வண்டிக்கு முன்னால் துணி வீசிக்கொண்டு நடக்கிறவன். நெஞ்சில் சிலுவைக் குறி போடாமல் நடையைத் தொடங்க மாட்டான்; தெருப்பிள்ளைகளை வைதுகொண்டே ஓரமாகத் தூக்கிவிடுவான். சாட்சி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து குப்பம்மாள் மீனை ஆய்ந்துகொண்டிருக்கும்போது மேட்டுப் பக்கம் சத்தம் கேட்டது.

பார்த்தவர்கள் வந்து சொன்னது இது. மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பிய வண்டி, நேராக வந்துகொண்டிருந்த வண்டி, மதகுக்கு முன்னால் திடீரென்று இடப்பக்கம் திரும்பிச் சரிவில் இறங்கியது. முன்னால் நடந்த சந்தியாகு திரும்பிப் பார்த்தான். ஓடிப்போயிருக்கலாம். ஓடாமல் வந்து நுகத்தடியில் தோள் கொடுத்தான். மாடு நின்றது, வண்டி நிற்கவில்லை. ஒரு பீப்பாய் உருண்டு அவன் இடுப்பில் ஏறி, அப்படியே சேற்றில் போய் விழுந்து உடைந்தது. முனியனுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

கட்டிலில் வைத்துத் தூக்கிவந்தார்கள். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. நாட்டு வைத்தியர் தொட்டுப் பார்த்துவிட்டு, உயிருக்குப் பயமில்லை என்றார். அதற்குமேல் எதற்குப் பயம் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

மறுநாள் கிடங்கு முற்றத்தில் விசாரணை. ஒல்லாந்துத் துரை ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கணக்கர் மூலமாகக் கேட்டார். வேலையில் அடிபட்டவன் மேல் குற்றம் இல்லையென்றால் அவன் எழுந்து நடக்கிறவரைக்கும் வீட்டுக்கு நெல் அளப்பார்கள்; நடக்கவே முடியாதென்றால் சாகிறவரைக்கும். குற்றம் அவன்மேல் என்றால் நெல்லும் கிடையாது, கோட்டை நிலத்துக் குடிசையும் கிடையாது. குத்தகைக்காரர் முந்திக்கொண்டார். முன்னால் நடக்கிறவன் கள்ளைக் குடித்துவிட்டுத் துணியை மாட்டு மூஞ்சியில் வீசினான், மாடு மிரண்டது என்றார். மற்ற வண்டிக்காரர்கள் மண்ணைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள். முனியனைக் கேட்டதற்கு, அவர் குறுக்கே வந்துட்டாருங்க என்று முனகினான்.

துரை ஓலையைக் கேட்டார். திருவேங்கடம் எடுத்து வாசித்தார். வண்டிக்காரன் முந்தின ராத்திரி தூங்கினான், பெண்டாட்டி சாட்சி. சாட்சியைக் கூப்பிடு என்றார்கள்.

குப்பம்மாள் முன்னால் போனாள். முதல் நாள் சொன்னதையாவது பழக்கத்தில் சொன்னதாக வைத்துக்கொள்ளலாம். இப்போது சந்தியாகுவின் உடைந்த இடுப்பைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். முனியனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"தூங்குனாருங்க" என்றாள்.

அவ்வளவுதான். துரை எழுந்துவிட்டார். மாசி பிறப்பதற்குள் சந்தியாகு வீட்டார் குடிசையைக் காலி செய்யணும் என்று கணக்கர் சொன்னார்.

குப்பம்மாள் அன்று சாயங்காலம் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, கருவாடு சுட்டு, சட்டியோடு அடுத்த வீட்டுக்கு எடுத்துப்போனாள். சூசையம்மாள் மூஞ்சியில் விட்டெறிவாள் என்று நினைத்துத்தான் போனாள். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சூசையம்மாள் வாங்கி உள்ளே வைத்தாள். உள்ளேயிருந்து சந்தியாகு, யாரு, முனியன் பொண்டாட்டியா, அவன் கை எப்படி இருக்கு, என்று விசாரித்தான். குப்பம்மாள் வாசல்படியிலிருந்து இறங்கிவிட்டாள். திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். அப்புறம் தினமும் கூழ் கொண்டுபோனாள். தினமும் சூசையம்மாள் வாங்கிக்கொண்டாள். கூழ் கொடுக்கக் கொடுக்கக் குப்பம்மாளுக்குக் கூச்சம் ஏறியதே தவிர இறங்கவில்லை.

பேச்சு எழுந்தது மணல் ஊற்றில்தான். நல்ல தண்ணீருக்கு மணலைத் தோண்டி, ஊறுகிறவரைக்கும் காத்திருந்து, சிரட்டையால் மொள்ளணும். இருவரும் ஒரே குழிக்கு இரண்டு பக்கம் குந்தியிருந்தார்கள். வேறு யாரும் இல்லை.

"அன்னிக்குக் காத்தால நீ குடுத்த மடவை ரெண்டு முறத்துலயே துள்ளிக்கினு இருந்துச்சு" என்றாள் சூசையம்மாள், தண்ணீரைப் பார்த்தபடி. "ராத்திரி முச்சூடும் வூட்ல கொறட்டை வுட்ட ஆளு அத்த எங்கடி புடிச்சாரு?"

குப்பம்மாளின் கை நின்றது. "தெரிஞ்சும் நீ ஏங்க்கா அங்க சொல்லல?"

"என்னை யாரு கேட்டா? முன்னாடி நடக்கிறவன் பொண்டாட்டிக்கு அங்க இன்னா பேச்சு. உன் வாயத்தான ஓலைல எழுதறாங்க." சிரட்டையை நிதானமாகக் குடத்தில் கவிழ்த்தாள். "நீ கூழு எடுத்தார. புள்ளைங்க குடிக்குது. நானும் குடிக்கிறேன், பசி கேக்கல. ஆனா உன் கூழ வெச்சுக்கினு எங்க போய்க் குடி இருப்பேன், சொல்லு."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

முனியன் வாசலில் வலைக்கண் முடிந்துகொண்டிருந்தான். வெயில் இன்னும் இறங்கவில்லை. குப்பம்மாள் குடத்தை இறக்கிவிட்டு அவன் எதிரே நின்றாள்.

"நாளைக்கு நான் போயி உள்ளத சொல்லப்போறேன்."

"இன்னா உள்ளது?"

"நீ தூங்கலன்னு."

"படகுல தூங்கினதும் தூக்கம்தானமே."

"அந்தத் தூக்கம் பத்தியிருந்தா சந்தியாகு அண்ணன் இடுப்பு ஏன்யா நசுங்குது?"

முனியன் ஊசியைக் கீழே வைத்தான். பிறகு அவன் சொன்னதை அவள் கேட்டிராவிட்டால் ஒருவேளை மறுநாள் போயிருக்க மாட்டாளோ என்னவோ. மாட்டுக்கு வழி தெரியும், அது தானாகப் போகும் என்று, தலைக்கயிற்றைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு சாய்ந்துவிட்டானாம். கிடங்கில் பாதிப் பேர் அப்படித்தானாம்.

"மதகாண்ட வண்டி ஒரு குலுக்கு குலுக்குச்சு. வலை இழுக்குதுன்னு நெனச்சேன்" என்றான். "மீனு ஏறிச்சுன்னு நெனச்சு, காலை ஒரே இழுவா இழுத்துட்டேன்மே."

அவன் அழுதான். குப்பம்மாளுக்கு அவனைத் தொடவும் தோன்றவில்லை, திட்டவும் தோன்றவில்லை. அவள் சொன்ன பொய்யின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டுதானே அவன் தூங்கியிருக்கிறான்.

செய்தி எப்படிப் பரவியதோ, பொழுது சாய்வதற்குள் தெருப் பெண்கள் வந்துவிட்டார்கள். கருப்பன் பெண்டாட்டி கங்கம்மாதான் முன்னால் நின்றாள். அவளுக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. கருப்பன் வண்டி வேலைக்கு மாற்று ஆளாகச் சேர்ந்தே கொஞ்ச நாள்தான். நீ வாயைத் திறந்தால் நாளையிலிருந்து அத்தனை ஆண்பிள்ளைகளையும் கிடங்கிலேயே பூட்டிப் படுக்கவைப்பான், அப்புறம் ராத்திரி ஏரியில் பாட்டுக்கு யார் போவது, என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"நீ போவியா? சேலையத் தூக்கிச் சொருவிக்கினு?" என்றாள் கங்கம்மா.

ஒருத்தி, சூசையம்மாள் மாதாகோயில்காரி, அவங்க ஆளுங்க பார்த்துக்குவாங்க, உனக்கு என்ன, என்றாள். அந்தப் பேச்சுக்குக் குப்பம்மாள் அவளை முறைத்த முறையில் அவள் பின்வாங்கினாள். ஆனால் மற்றவர்கள் சொன்னது அத்தனையும் நிஜம். பாடு போனால் தெருவே பட்டினி.

மறுநாள் வரிசையில் அவள் முதலில் நின்றாள். முனியன் வரவில்லை. திருவேங்கடம் ஓலையைப் பிரித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, எங்க உன் ஆளு? தூங்குனானா?"

"பீப்பா உருண்ட அன்னிக்கு அவரு தூங்கலீங்க. ஏரிக்குப் போயிருந்தாரு. நான் பொய் சொன்னேன். துரை கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன். சந்தியாகு அண்ணன் குடிக்கல, குறுக்கவும் வரல. வண்டியப் புடிக்கத்தான் வந்தாரு."

முற்றத்தில் மாடுகள் வைக்கோல் மெல்லுகிற சத்தம் கேட்டது. திருவேங்கடத்தின் முகம் வெளுத்துவிட்டது. ஈர வேட்டிகளைப் பார்த்துப் பார்த்துக் கோடு கீறியவர் அவர். ஓலை முழுக்கப் பொய் என்றால் முதலில் போகிற தலை அவருடையது. எழுத்தாணியை ஓலைமேல் வைத்துக்கொண்டு, மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி கேட்டார்:

"அன்னிக்கு மட்டும்தானே?"

குப்பம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஒரு தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது முதுகில் தெரிந்தது. இல்லை என்று சொல்லத்தான் வந்திருந்தாள். ஒரே ஒரு சொல்.

"அன்னிக்கு மட்டும்தாங்க" என்றாள்.

கணக்கர் மூச்சுவிட்டார். பின்னாலும் மூச்சு வந்தது. யாரோ அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். அந்தக் கை அவளுக்குத் தீயாகச் சுட்டது. நிஜத்தைச் சொல்ல வந்த இடத்தில், நிஜத்தோடு ஒரு பொய்யையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டு நிற்கிறோம் என்று தெரிந்தது.

கணக்கர் அந்த ஒரு நாள் பொய்யை மட்டும் துரையிடம் சொன்னார்; முனியனுக்கு முற்றத்தில் வைத்துப் பிரம்படி கொடுத்தார்கள். குத்தகைக்காரர் அவன் வண்டியைப் பிடுங்கிக் கருப்பனிடம் கொடுத்தார். ஆளை அடியோடு விரட்டினால் துரை இன்னும் கிளறுவார் என்று பயந்து, சந்தியாகு வேலையை முனியனுக்குக் கொடுத்தார். சிவப்புத் துணியை வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தான். சந்தியாகு வீட்டுக்கு நெல் அளந்தார்கள். குடிசையைக் காலி செய்யச் சொன்ன பேச்சும் நின்றது. சூசையம்மாள் கூழ்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துக் குப்பம்மாள் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். நன்றி என்றும் சொல்லவில்லை, நாசமாய்ப் போ என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு குப்பம்மாள் கிடங்குப் பக்கம் போக வேண்டியதில்லை. முன்னால் நடக்கிறவன் தூங்கினானா என்று யாரும் கேட்பதில்லை. ஆனாலும் ஒருநாள் விடியற்காலையில் அவள் போனாள். ஊற்றுக்குப் போகும்போது கருப்பன் ஏரியிலிருந்து ஏறி வருவதைப் பார்த்துவிட்டாள். கண் இரண்டும் சிவந்து, கால் ஒரு பக்கம் போக உடம்பு ஒரு பக்கம் போக வந்துகொண்டிருந்தான். குடத்தை மணலிலேயே போட்டுவிட்டுக் கிடங்குக்கு நடந்தாள்.

வரிசையில் கங்கம்மா நின்றாள். குப்பம்மாளைக் கண்டதும் அவள் தலை குனிந்துகொண்டது.

"கருப்பன் தூங்குனானா?" என்றார் திருவேங்கடம்.

"தூங்குனாருங்க" என்றாள் கங்கம்மா.

குப்பம்மாள் ஓரடி முன்னால் வைத்தாள். "ஐயா..."

"உன்னைக் கேக்கலியே" என்றார் திருவேங்கடம். அவசரமாகக் கோடு கீறினார். அவருடைய கண்ணில் கோபமில்லை; அன்னிக்கு மட்டும்தான்னு நீதானே சொன்னே என்று அந்தக் கண் கேட்டது. குப்பம்மாளால் அந்தக் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

வண்டி கிளம்பியது. முனியன் துணியை வீசிக்கொண்டு முன்னால் நடந்தான். கத்துகிறான், நாலடிக்கு ஒருமுறை திரும்பி வண்டிக்காரனைப் பார்க்கிறான், மறுபடி கத்துகிறான். கழுத்து ஒடிந்துவிடும் போலிருந்தது. வண்டியில் கருப்பனின் தலை இப்போதே ஆடத் தொடங்கியிருந்தது.

குப்பம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் போய் நடந்தாள்.

"ஏண்டா கருப்பா, உங்க அத்தை வூட்ல ஆடு குட்டி போட்டுச்சாமே?"

அவன் திடுக்கிட்டு விழித்து, ஆமாம் என்றான். எத்தனை குட்டி, கிடாயா பெட்டையா, என்ன நிறம், பால் கொடுக்கிறதா, என்று கேட்டாள். ஆடு தீர்ந்ததும் கோழிக்குப் போனாள். கோழி தீர்ந்ததும் அவன் கல்யாணத்துக்குப் போட்ட பந்தலை எடுத்தாள், அதில் சோறு குழைந்துபோனதை எடுத்தாள். அவன் பதில் சொல்லச் சுணங்கினால் சக்கரத்தில் கையால் தட்டினாள். தெருவில் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். புருஷனைக் காட்டிக்கொடுத்தவளுக்குப் புத்தி கலங்கிப்போச்சு என்று ஒருத்தி காதுபடச் சொன்னாள். குப்பம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பேசிக்கொண்டே நடந்தாள்.

சந்தியாகு வீடு வந்தது. வாசலில் கட்டிலைப் போட்டு அவனை வெயிலில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். சூசையம்மாள் முறத்தில் நெல்லைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முனியன் அந்த வாசலைக் கடக்கும்போது துணியைத் தாழ்த்திக்கொண்டான். குப்பம்மாளின் பேச்சு அங்கே அறுந்தது. எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதே மறந்துபோனது. தலையைக் குனிந்துகொண்டாள்; சக்கரம் உருள்கிற சத்தம் மட்டும்தான். மேலே கருப்பனின் தாடை மெல்ல மார்பில் இறங்கியது.

புடைக்கிற சத்தம் நின்றது.

"பேச்ச நிறுத்தாதடி" என்றாள் சூசையம்மாள்.